நாடகத்தை விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நாவல் நாவல்னே சொல்லிட்டு நாடகத்தை ஒரே வரியில தாண்டிட்டீங்க. அவர் ஜெயிலுக்குப் போனதே நாடகத்தாலதாங்க! 1977ல கென்யாவுல லிமுரு பக்கம் கமிரித்துங்கற ஊர்ல தோட்டக் கூலிங்க, ஃபேக்டரி ஆளுங்க எல்லாம் சேர்ந்து தாங்களே திறந்தவெளி மேடை கட்டி, அவரும் சேர்ந்து எழுதின நாடகத்தை அவங்க கிகுயு மொழியிலயே நடிச்சாங்க. ஒன்றரை ஏக்கர் பத்திரத்தை செவுத்துல மாட்டி வச்சிருக்கற ஏழை, சர்ச்சுல கல்யாணம் பண்ணிக்கணும்னு அதை அடமானம் வச்சு நிலத்தையே தொலைக்கறான், இதான் கதை. பாக்க வந்தவங்க பாதிப்பேர் வீட்டுக்கதைதான் அது, அரசாங்கம் விடுமா? சில வாரத்துலயே லைசென்ஸ் கேன்சல், டிசம்பர் கடைசியில கூகியைத் தூக்கிட்டாங்க, விசாரணையே இல்லாம ஒரு வருஷம் கமிதிங்கற ஜெயில். இங்கிலீஷ்ல அத்தனை காட்டமா எழுதினப்பல்லாம் சும்மா இருந்தவங்க, ஊர் பாஷையில மேடை ஏறினதும்தான் பயந்தாங்க பாருங்க. அப்புறம்தான் அவர் ஜெயிலுக்குள்ள டாய்லெட் பேப்பர்ல நாவல் எழுதின கதையெல்லாம். (அந்தப் பேப்பர் முரடா இருந்ததாலதான் எழுதவே முடிஞ்சுதாம்!) 1982ல போலீஸ் வந்து அந்த மேடையையே இடிச்சுத் தள்ளிருச்சு. இதையும் ஒரு பக்கம் போடுங்க சார்.

– பழைய சந்தாதாரர்