வரிசையில் வாசி, மச்சாள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் சுகமாகிவிட்டது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாவிக் காற்றின் ஈரத்தில் அலுமாரிக்குள் இருக்கிற புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடிக்கப் பார்க்கிறது. வெயில் எறிக்கிற நேரம் பார்த்து விறாந்தையில் பரப்பிக் காயவைக்கிறேன். மூத்தவள் கொழும்பிலே வேலை மாறியிருக்கிறாள். மற்றப்படி எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஈவ் டல்லாஸ் என்ற பொலிஸ்காரி வருகிற ஆங்கிலத் துப்பறியும் நாவல் தொடரில் கையில் அகப்பட்ட ஒன்றை நடுவிலிருந்து வாசித்திருக்கிறாய். கொலைகாரன் யாரென்று விளங்கியது, ஆனால் ஈவும் அவள் புருஷன் ரோர்க்கும் எதற்கு அப்படிச் சண்டை பிடித்தார்கள் என்று விளங்கவில்லை என்கிறாய். 60 புத்தகத்துக்கு மேல் போய்விட்ட தொடரை இந்த வயதில் முதலிலிருந்து பிடிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். பிடிக்கத்தான் வேண்டும் மச்சாள். நீ கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கொலை அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடும். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது முடியாது. அடுத்த புத்தகத்தை எடுக்க வைப்பது அதுதான்.

கலாசாலை விடுதியில் நாம் மாத நாவல்களை எப்படி வாசித்தோம் என்று யோசித்துப் பார். சென்னையிலிருந்து வந்த பிரதி ஒன்று எத்தனை கட்டில் மாறி வரும்! துப்பறிகிற ஜோடி பரத்தும் சுசீலாவும் எந்த மாதம் வந்தாலும் அதே பரத், அதே சுசீலாதான். மூன்லைட் டிடெக்டிவ் ஏஜென்சிக்குள் சுசீலா என்ன வாசகம் எழுதிய பனியனோடு நுழைகிறாள் என்று பார்க்கவே நீ முதல் பக்கத்தைத் திறப்பாய். அவற்றை எந்த வரிசையில் வாசித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. விவேக், ரூபலா ஜோடியும் அப்படித்தான். முதல் ஜோடியை எழுதிய பட்டுக்கோட்டை பிரபாகரும் மற்றதை எழுதிய ராஜேஷ்குமாரும் வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள் என்றுதான் நினைக்கிறேன். போன மாதப் புத்தகம் கிடைக்காத வாசகியும் இந்த மாதக் கதையில் நிம்மதியாக நுழையலாம். நம்மைப் போல ஊரில் கிடைத்ததை வாசித்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஈவ் கதை வேறு மாதிரி. நோரா ராபர்ட்ஸ் என்ற காதல் கதை எழுத்தாளர் ஜே. டி. ராப் என்ற பெயரில் 1995இல் தொடங்கியது. கதை நடப்பது 2058ஆம் ஆண்டு நியூயோர்க்கில். ஈவ் கொலை விசாரிக்கிற பொலிஸ் அதிகாரி. ரோர்க் பெரும் பணக்காரன். முதல் புத்தகத்தில் அவனே அவளுடைய சந்தேகப் பட்டியலில் இருக்கிறான். அவளுடைய சாம்பல் நிற ஜாக்கெட்டிலிருந்து பொத்தான் ஒன்று கழன்று விழும். அவன் அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வான். அந்த இடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள், நானும் சும்மா தாண்டிப் போனேன். ஆனால் பின்னால் வருகிற புத்தகங்களில் அவன் மனம் குழம்பி நிற்கிற நேரம் பையிலுள்ள அந்தப் பொத்தானை விரலால் தொட்டுப் பார்ப்பான். நடுவில் நுழைந்த உனக்கு அது வெறும் பொத்தான். முதலிலிருந்து வருகிறவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

நீ கேட்ட சண்டையும் அப்படித்தான். ஈவைச் சின்னப் பிள்ளையாக டல்லாஸ் நகரத்தில் அடிபட்ட நிலையில் கண்டெடுத்தார்கள். தன் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை, ஊரின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். அதற்கு முன் நடந்ததெல்லாம் கெட்ட கனவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பி வரும். யாராவது தன்னைப் பார்த்துக்கொள்ள வந்தால் அவளுக்குக் கோபம் வருவது அதனால்தான். கலியாணம் மூன்றாவது புத்தகத்தின் முடிவிலேயே ஆகிவிடுகிறது. காதல் கதையில் கலியாணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பழகிப்போன எனக்கு அதற்குப் பிறகுதான் ருசியே பிடித்தது. ஒருத்தியின் பயத்தோடு இன்னொருவன் எப்படிக் குடித்தனம் நடத்துகிறான் என்று இத்தனை பொறுமையாக எழுதிய வேறு துப்பறியும் தொடர் எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. நமக்கு 30 வருடம் போய்விட்டது, அவர்களுக்கு மூன்று நாலு வருடம்தான் போயிருக்கிறது. ஆகையால் பிந்திவிட்டோம் என்று கவலைப்படாதே. நீ ஆறுதலாக வா.

எல்லாத் தொடருக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவை நீ எங்கே தொடங்கினாலும் சரி, கடைசிக் கதையை மட்டும் கடைசியாக வைத்துக்கொள். கிறிஸ்டி அதை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்திருந்தார். 1975இல் வெளிவிட்டார், 1976 ஜனவரியில் காலமானார். அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். சூ கிராஃப்டனுக்கு அது வாய்க்கவில்லை. 1982இல் ஆங்கில ஏ எழுத்தில் தொடங்கி, கின்சி மில்ஹோன் என்ற துப்பறியும் பெண்ணை எழுத்துக்கு ஒரு புத்தகமாகக் கூட்டி வந்தவர், 2017இல் ஒய் வந்த சில மாதங்களில் இறந்துவிட்டார். இசட் இல்லை. தன் பெயரில் இன்னொருவர் எழுதுவதை அவர் விரும்பியதில்லை, குடும்பத்தாரும் அதைக் காப்பாற்றினார்கள். கின்சிக்கு ஒரு நல்ல முடிவைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தேன்! ஆனாலும் வேறு யாரோ எழுதியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். அவர்கள் செய்தது சரிதான்.

நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், உனக்கும் உதவும். ஒரு கொப்பியில் தொடருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வெளிவந்த ஆண்டு வரிசையில் பெயரை எழுதிவை. வாசித்ததும் யார் புதிதாக வந்தார்கள், யார் யாரோடு கோபம் என்று இரண்டு வரி போடு. அடுத்தது கைக்கு வர மாதக் கணக்காகும்போது அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும். ஈவ் தொடரில் நடுநடுவே குறுநாவல்களும் உண்டு, அவற்றையும் ஆண்டு பார்த்துச் செருகு. பின்னட்டையை மட்டும் வாசிக்காதே. முந்தின புத்தகத்தின் ரகசியத்தை அதிலேயே போட்டு உடைத்து விடுகிறார்கள்.

ஈவ் தொடரின் முதல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. கடதாசியில் சுற்றிப் பொத்துவில் பஸ்ஸில் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுகிறேன், திருக்கோவில் சந்தியில் தம்பியை நிற்கச் சொல். இரண்டாவதில் சில தாள் கழன்றிருக்கிறது, பக்க எண் பார்த்து வாசி. நாலாவது என்னிடம் இல்லை, மகளிடம் கொழும்பில் தேடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பொத்தான் வருகிற இடத்தை வாசித்துவிட்டு உனக்கு என்ன தோன்றியது என்று எழுது கா.

அன்புடன்,
உன் மச்சாள்