கன்னத்துப் பாக்கு

குடியாத்தம்,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடைசி வரியை மட்டும் நாலு தரம் படித்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் கதை.

ஆம்பூர் கல்யாணத்தில் "இன்னாடா, பாக்கைக் கன்னத்துல அடக்கிக்கினே பேசற?" என்றாயே, ஞாபகம் இருக்கா? சிரித்து மழுப்பிவிட்டேன். அது பாக்கு இல்லைடா, கட்டி. இடது கன்னத்து உள்பக்கம், ஆறு வருஷமாக. பட்டாணி அளவில் இருந்தது நெல்லிக்காயானது. நாக்கால் தள்ளினால் நழுவும், வலியே இல்லை. அப்பாவுக்கு வாயில் வந்த புற்றும் முதலில் வலிக்கவில்லையே. அதனால் வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

பல் பிடுங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். தோல் வழியாகவே மஞ்சள் தெரிகிறது, கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. லிப்போமா. முதுகிலும் கையிலும் வருமே, அதே இனம். வாய்க்குள் வருவதுதான் அபூர்வம், அதுவும் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டினவர்களுக்கு. எச்சில் சுரப்பிக் கட்டியும் இப்படி இருக்கலாம், எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்று வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். பட்டினி கிடந்தால் கரையுமா என்று கேட்டேன். உடம்பே இளைத்தாலும் அது இளைக்காதாம். வீட்டுக் கஷ்டம் தெரியாத மாப்பிள்ளை மாதிரி!

வேலூரில் மரப்பு ஊசி குத்தும்போது சுருக்கென்றது, அவ்வளவுதான். மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் எச்சில் குழாய் திறக்கிறதாம். அதில் கத்தி படக்கூடாது என்று பயிற்சி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே உறையோடு எடுத்தார் பெரியவர். நாலு தையல்.

பிறகு அதை ஃபார்மலின் சீசாவில் போட்டார்கள். மற்ற சதையெல்லாம் அடியில் போய் உட்காருமாம். இது மேலே வந்து மிதந்தது, குழம்பில் எண்ணெய் மிதக்கிற மாதிரி. "பாருங்க சார், மிதக்குது" என்று சீசாவைத் தூக்கிக் காட்டினார். அந்த நிமிஷமே பாதி பயம் இறங்கிவிட்டது. மீதி, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் போனது. வெறும் கொழுப்புச் செல்கள்தான். எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிதாம்.

ஒரு வாரம் கஞ்சியும் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பும். வீட்டில் முள்ளு கத்திரிக்காய் காரக்குழம்பு வைத்துவிட்டு என்னிடம் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள் உன் தங்கச்சி. கொடுமை.

இப்போது உன் கடைசி வரி. நாக்கோரத்தில் வெள்ளைத் திட்டு, "பல் உரசியிருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். மூணு மாசமாக உரசுகிறதா? புகையிலையையும் விட்டபாடில்லை. என் கட்டி வேறு, இது வேறுடா. வியாழக்கிழமை சென்னையிலிருந்து காலை வண்டியைப் பிடி. காட்பாடி ஸ்டேஷனில் நான் நிற்பேன். தனியாகப் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் நானும் போகவில்லையே.

உன்,
சேகர்