தரங்கம்பாடியில் குளிக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் தரங்கம்பாடியைப் பற்றி, "கோட்டையைப் பார்த்துவிட்டு எதிரே உள்ள கடலில் குடும்பத்தோடு ஆசைதீரக் குளிக்கலாம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிக் கரையில் கொட்டியிருப்பது பாறாங்கல், படித்துறை அல்ல. அலை படும் மட்டத்தில் கல்லெல்லாம் பாசி. ஈரக்காலை வைத்தால் வழுக்கும், வழுக்கிய கால் இரண்டு கல்லுக்கு நடுவில் சந்தில் போய்ச் சிக்கும். கல்லில் மோதித் திரும்பும் தண்ணீர் காலடி மணலைப் பறித்துக்கொண்டே இருக்கும். முழங்காலளவில் நிற்கும் பிள்ளை, நின்ற இடத்திலேயே இடுப்பளவுக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். 1306-இல் எழுந்த அந்தக் கோயிலில் கடல் அரித்துத் தின்றது போக மிச்சம்தான் இன்று நிற்கிறது, தாங்கள் அறியாததல்ல. மணலில் நடக்கலாம், உட்காரலாம், காற்று வாங்கலாம். குளிக்க வேண்டாம்.

கோட்டையையும் விட்டுவைக்கவில்லை. மறுபடியும் "டச்சுக் கோட்டை"! டச்சுக்காரர் இருந்தது நாகப்பட்டினத்தில், சதுரங்கப்பட்டினத்தில், பழவேற்காட்டில். இது தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620-இல் டென்மார்க் நாட்டார் கட்டிய டான்ஸ்போர்க். 1845-இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். எத்தனை முறைதான் இதைச் சொல்வது?

அருகிலுள்ள ரயில் நிலையம் தரங்கம்பாடி என்றும் போட்டிருக்கிறீர்கள். மயிலாடுதுறையிலிருந்து வந்த அந்த ரயில் 1986-லேயே நின்றுபோனது. இப்போது மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்துத்தான் வரவேண்டும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை நம் கட்டுரை ஒன்றுகூட இதுவரை சொன்னதில்லை. காலை பத்து மணிக்கு வரச் சொல்வதும் தவறு. உச்சிவெயிலில் கோட்டை முன் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது. மூன்று மணிக்கு மேல் உள்ளே பார்த்து முடித்து வெளியே வந்தால், கோட்டையின் நிழல் கடற்பக்கம் சாய்ந்திருக்கும். வயதானவர்கள் அப்போது நிம்மதியாக உட்காரலாம். தண்ணீர் மட்டும் கையோடு எடுத்து வரவேண்டும்.

மதிலில் ஏறி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டதுதான் அதிகம் வலித்தது. அது சுண்ணாம்புப் பூச்சு. செருப்பு உரசியோ, ஆணியால் பேர் கீறியோ மேல்தோல் பெயர்ந்தால் உப்பு ஈரம் உள்ளே இறங்கும். காயும்போது உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துக் கல்லும் சேர்ந்து போகும். அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவர்களும் அங்கேதானே ஏறுவார்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பாறைப் பக்கம் கடலில் இறங்க வேண்டாம், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் இல்லை. பள்ளி விடுமுறை தொடங்குமுன் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பொறையார்.