ஆண்டறிக்கை: தண்ணீர் சுமந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

மார்கழியில் இளையாத்தங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் சைக்கிளில் சுற்றி வந்தோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் என்று வழக்கமான ஞாயிறு ஓட்டங்களும் நடந்தன. பஞ்சர் தவிர விசேஷம் ஒன்றுமில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகக் குழுவில் இந்த ஆண்டு அதிக நேரம் பேசப்பட்டது ஒரே விஷயம்தான்: தண்ணீரை எப்படி எடுத்துப் போவது? அதனால் அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே.

பங்குனிக் கடைசியில் தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியாகத் தேவிபட்டினம் வரை போனது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டியே பழகியவர்களுக்குத் தண்ணீர் ஒரு கவலையே இல்லை. ஊருக்கு ஒரு ஊருணி உண்டு. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் சொம்பு வரும். அந்த நினைப்பிலேயே ஆளுக்கு முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டோடு கிளம்பிவிட்டோம். தொண்டி தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சீமைக்கருவேலம். நிழல் கிடையாது. அடித்துப் பார்த்த இரண்டு அடிகுழாயிலும் உப்புத் தண்ணீர். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டோம். அந்த அம்மா முகம் சுளிக்காமல் குடத்தைச் சாய்த்து மூன்று பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தார். அப்புறம் சாலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தன பேருப்பா?" என்றார். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த தண்ணீர் அது. மீதிப் பாட்டில்களை நாங்கள் நீட்டவில்லை.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டோம். பங்குனி வெயிலில் மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போய்விடும். 60 கிலோமீட்டர் என்றால் நம் வேகத்துக்கு நாலு மணி நேரம், ஏறத்தாழ நாலு லிட்டர். சைக்கிளில் இருப்பதோ ஒன்றரை லிட்டர். மீதி இரண்டரையை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.

ஒருவர் முதுகுப் பையே போதும் என்றார். அவரே தேவகோட்டை போய் வந்த பிறகு, முதுகு நனைந்து உட்காரும் இடம் புண்ணாகி, பையைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டார். இன்னொருவர் ஐந்து லிட்டர் கேனைக் கேரியருக்கு மேலே கட்டினார். பாதி குடித்து முடிக்கும் வரை ஒன்றுமில்லை. அப்புறம் புதுவயல் பக்கம் மணல் கிடந்த ஒரு திருப்பத்தில், உள்ளே இருந்த பாதித் தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, வண்டியும் அதே பக்கம் போனது. முழங்காலில் சிராய்ப்போடு தப்பித்தார்.

இதற்கு விடை சொன்னவர் சங்க உறுப்பினரே அல்ல. டீக்கடைகளுக்குச் சைக்கிளில் தண்ணீர் போடும் பெரியவர் அவர். கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் தொங்கும். ஒரு குடம் ஏறத்தாழ 15 லிட்டர் என்று வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாம் இரண்டரை கிலோவுக்குக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த தெருவில், அவர் முப்பது கிலோவை மிதித்துக்கொண்டு போனார். நிறுத்திக் கேட்டேன். "முழுக் குடம் பேசாம வரும் தம்பி. அரைக் குடந்தான் ஆளச் சாய்க்கும்" என்றார். நிறைகுடம் தளும்பாது என்பதை மனிதர்களின் குணத்தைப் பற்றிய பேச்சாகவே அதுவரை நினைத்திருந்தேன். குடத்தை மேலே ஏற்றாமல் தாழத் தொங்கவிடுவது, இரண்டு பக்கமும் சமமாக வைப்பது, சாய்வு ஸ்டாண்டில் நிறுத்தாமல் இருப்பது என மற்றதும் அவர் சொன்னதுதான். இதற்குமேல் நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, திருகாணியைத் தவிர.

அதனால் இப்போது பெரிய கேன் ஒன்றுக்குப் பதில் சிறு பாட்டில்கள் பல. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் பக்கத்துக்கு ஒரு லிட்டர். ஹேண்டில் கொஞ்சம் கனக்கும், ஆனால் அலையாது. ஃபோர்க்கில் துளை இல்லாதவர்கள் ஹார்டுவேர் கடையில் குழாயைச் சுற்றி முடுக்கும் ஹோஸ் கிளிப்பை வாங்கி, அடியில் பழைய டியூபைச் சுற்றி, பாட்டிலைப் பிடிக்கும் கேஜை முடுக்கலாம். கார்பன் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், முடுக்கினால் விரிசல் விடும். ஹேண்டிலிலிருந்து பெடல் பக்கம் சரிந்து வரும் டவுன் டியூபுக்கு அடியில் மூன்றாவது கேஜ் மாட்டலாம். ஆனால் சக்கரம் வாரி இறைக்கும் சாணியும் சேறும் பாட்டிலின் வாயில்தான் விழும், எனவே மூடிக்கு மேல் மூடி வேண்டும். இன்னும் தேவை என்றால் பின் பைகளின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி வையுங்கள். குடிக்கும்போது இடமும் வலமுமாக மாற்றி மாற்றி எடுங்கள்.

கடையில் விற்கும் ஒரு லிட்டர் பாட்டில் சாதாரணக் கேஜில் சரியாக உட்காராது. அந்தக் கேஜ் 73, 74 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் செய்தது. அதில் ஒன்றரை லிட்டர் பாட்டிலைத் திணித்த உறுப்பினரின் அலுமினியக் கேஜ், பற்றவைத்த இடத்தில் முறிந்து, பாட்டில் பின் சக்கரத்தடியில் போனது. கனத்துக்கு இரும்புக் கேஜே நல்லது.

தண்ணீர் இருந்தும் சுடுதண்ணீராகிவிடுகிறது என்ற புகாருக்குப் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பாட்டிலில் சுற்றிப் பார்த்தோம். லாரிக்காரர்கள் முன்பு தொங்கவிட்ட கித்தான் பையும் இதே வேலையைத்தான் செய்தது. நம் வறண்ட காற்றில் மண்பானை போல நன்றாகக் குளிர்கிறது. கடலோர ஈரக் காற்றில் துணி சீக்கிரம் காய்வதில்லை, அதனால் குளிர்ச்சியும் குறைவு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல், ஒரு பாட்டிலிலாவது லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிக் கலந்து வையுங்கள். மோர் கொண்டுவருவோர் காலை பத்து மணிக்குள் குடித்துவிடவும். மூடிய பாட்டிலில் மதியம் வரை வைத்திருந்த மோர் பொங்கித் தலைவர் சட்டையில் அபிஷேகமானதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

ஐப்பசிக்குள் அதே கடற்கரைப் பாதையில் மறுபடி போவதென்று குழு முடிவு செய்திருக்கிறது. ஆளுக்கு நாலு லிட்டர் நிரப்பிக்கொண்டு வராதவர்களுக்குப் பயணத்தில் இடமில்லை. அந்த அம்மா வீட்டு வாசலில் இறங்குவோம், பாட்டிலை நீட்டமாட்டோம்.

சங்கத்திலிருந்து இரவல் வாங்கிய இரும்புக் கேஜ்களில் இரண்டு இன்னும் வரவில்லை. யாரிடம் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது கொடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்