வரைகலைச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. எழுத்துரு பற்றிய உரையும் சுவரொட்டிக் கண்காட்சியும் நல்லபடியாக நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை அடிப்படை வடிவங்கள் பயிற்சி வகுப்பு. "சதுரம், வட்டம் போடவெல்லாம் ஒரு வகுப்பா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 2001இல் வந்த எஸ்விஜி என்ற கணினி வரைகலைத் தரத்தில் அடிப்படை வடிவங்கள் ஆறுதான்: செவ்வகம், வட்டம், நீள்வட்டம், கோடு, தொடர்கோடு, பலகோணம். நாம் தினமும் பார்க்கும் எத்தனையோ சின்னங்களை இவற்றை வைத்தே கட்டிவிடலாம்.

வகுப்பில், வரைபடத்தில் இடம் காட்டும் குறியைச் செய்தோம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ஒரு வட்டம். அதன் ஆரம் எவ்வளவோ அதே அளவு பக்கமுள்ள ஒரு சதுரம். சதுரத்தின் ஒரு மூலையைச் சரியாக வட்டத்தின் மையத்தில் வைத்து இரண்டையும் ஒன்றாக்கும் யூனியன் கட்டளை கொடுத்தால் துளி வடிவம் வந்துவிடும். கூர்முனை நேர்கீழே பார்க்கும்படி 45 பாகை திருப்பி, நடுவில் சின்ன வட்டம் வைத்து, ஒன்றால் மற்றொன்றை வெட்டும் டிஃபரன்ஸ் கட்டளை கொடுத்தால் குறி தயார். வட்டம் சதுரத்தோடு சேரும் இடத்தில் ஒரு பிசிறுகூட இருக்காது. அதே வளைவைப் பேனா கருவியால் கையால் இழுத்தவர்களுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கியே நின்றது. அப்புறம், டிஃபரன்ஸில் மேலே இருப்பதுதான் கீழே இருப்பதை வெட்டும். பலர் தடுமாறியது இங்கேதான். செவ்வகத்தை அவசரப்பட்டுப் பாதையாக, அதாவது புள்ளிகளை இணைக்கும் வெறும் கோடுகளாக, மாற்றினால் மூலை வளைவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி போய்விடும் என்பதையும் செய்தே காட்டினோம்.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் காத்திருந்த மற்றவர்களுக்கு இடம் கொடுத்திருப்போம். நிழல், பளபளப்பு கற்றுத்தருவீர்களா என்று கேட்பவர்கள் அதிகம். அடியில் இருக்கும் வடிவம் கோணலாக இருந்தால் எந்த நிழலும் அதை நிமிர்த்தாது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கிதான் கவலை. நினைவூட்டல்கள் அனுப்பியும் பலர் இன்னும் கட்டவில்லை.

தலைவர், பொருளாளர், கணினி கொண்டுவந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வகுப்பை நடத்த நான் தயார். ஆனால் இரவல் புரொஜெக்டரில் மெல்லிய கோடுகள் தெரிவதே இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கியாக வேண்டும். பாக்கி உள்ளவர்கள் இன்று கிளம்பும் முன் பொருளாளரைப் பார்த்துவிட்டால், வகுப்புத் தேதியை இந்தக் கூட்டத்திலேயே அறிவித்துவிடலாம்.

செயலாளர்