மில்டன் இரண்டு இடத்தில் வைத்த இனிப்பு

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். சில நாட்களுக்குப் புத்தகத்தையே தொடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. உன் மூட்டுவலி குறைந்ததா?

அந்த நாட்களில் பேத்தி தன் கல்லூரிப் பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆங்கிலக் கவி மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம், முதல் காண்டம். சாத்தானோடு நரகத்தில் விழுந்த தேவதூதர்கள் மண்ணைத் தோண்டிப் பொன்னை உருக்குகிறார்கள். ஆவி எழுவதுபோல் ஒரு பெரிய மாளிகை நிலத்திலிருந்து எழும்புகிறது. கூடவே இசையும் குரல்களும். அந்த இசைக்கு மில்டன் தந்த அடைமொழி 'டல்செட்', அதாவது இனிமையான. சாத்தானின் சபைக்கு இத்தனை இனிய இசையா! மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அது நாவில் பிறந்த சொல். இனிப்பைக் குறிக்கும் லத்தீன் 'டுல்சிஸ்', பிரெஞ்சு வழியாக 'டூசெட்' என்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டுச் சமையல் குறிப்புகளில் பாலேடு, முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை சேர்த்து மாவுக் கூட்டில் வேகவைக்கும் பண்டத்துக்கே அதுதான் பெயர். பிறகு அது காதுக்கும் உரியதாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் டால்பின் முதுகில் அமர்ந்து பாடும் கடற்கன்னியின் குரலுக்கு அந்தச் சொல் வருகிறது. கேட்டு முரட்டுக் கடலே அடங்கிவிடுகிறது.

மில்டனோ இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டார். 5ஆம் காண்டத்தில் ரஃபேல் என்ற தேவதூதர் விருந்துக்கு வருகிறார். ஏவாள் இனிய பருப்புகளைப் பிழிந்து பாலேடு போன்ற பானம் செய்கிறாள். அதுவும் 'டல்செட்'தான். ஏதேனின் பந்திக்கும் நரகத்தின் மாளிகைக்கும் ஒரே சொல்! நரகத்தின் இசை நாராசமாக இருந்தால் அதில் யார் மயங்குவார்கள்? அதை உண்மையாகவே இனிக்க வைத்ததுதான் மில்டனின் துணிவு என்று நான் நினைக்கிறேன்.

1652க்குள் அவர் முழுதாகப் பார்வை இழந்துவிட்டார். 1667இல் வெளிவந்த இந்தக் காவியத்தை அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். தந்தை இசை அமைத்தவர். மகனும் ஆர்கன் வாசித்தவர். கல்லூரியில் நாம் இருவரும் அதைக் கண்ணால் மட்டுமே படித்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது ஒவ்வொரு வரியும் எங்கே மூச்சு வாங்குகிறது என்றுகூட எனக்குத் தெரிந்தது.

இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'டல்செட் டோன்ஸ்' (இனிய குரல்) என்ற ஒரே தொடரில் அடைபட்டுக் கிடக்கிறது, அதுவும் பெரும்பாலும் கேலிக்கு. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நீ பல ஆண்டுகள் மில்டனைப் பாடம் நடத்தியவன். அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறாயா? அவர்கள் என்ன சொன்னார்கள்? விரிவாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்