கரும்பலகையில் வரைந்த பள்ளத்தாக்கு

குயின்ஸ்டவுன், நியூசிலாந்து
ஜனவரி 24

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு சம்பா முழுவதும் சாய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. வாய்க்கால் ஓரத்து வயலாவது தப்பியதா? அறுத்த நெல்லைக் காயவைக்க இரண்டு நாள் வெயில் கிடைத்ததா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. பேத்தி பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவியையே மூடி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் படித்தேன். பாவம் அந்தக் குழந்தை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது போட்டு விடு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஏப்ரலில் மகனிடம் வரும்போது, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்டு சவுண்டு போகலாமா, பஸ்ஸில் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் உன் முட்டி தாங்குமா, பேசாமல் சின்ன விமானத்தில் போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை நானும் மகளும் போய் வந்தோம். பஸ்ஸிலேயே போ வசந்தா. விமானத்தில் போனால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்த மாதிரி ஆகிவிடும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

காலை ஏழு மணிக்கு முன்பே பஸ் கிளம்பிவிட்டது. நேர்கோட்டுக் கணக்கில் குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு 70 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் நடுவில் மலைகள் அடைத்துக்கொண்டு நிற்பதால் சாலை தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, மறுபடி வடக்கே ஏறி, கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறது. முதல் இரண்டு மணி நேரம் ஏரிக்கரை, ஆட்டு மந்தை, மான் பண்ணை. அப்புறம் டே அனாவ் என்ற சின்ன ஊரில் காபிக்கு நிறுத்தினார்கள். தென்தீவிலேயே பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது. பனியாறு தோண்டிய ஏரி. 400 மீட்டருக்கு மேல் ஆழம். அந்த ஊரோடு கடைகளும் பெட்ரோல் பங்கும் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் 120 கிலோமீட்டர் வெறும் சாலைதான்.

டிரைவரே வழிகாட்டியாகவும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினார். நன்றாகப் பேசினார் என்பதை விட, எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்வேன். எக்ளிண்டன் பள்ளத்தாக்குக்குள் வண்டி நுழைந்ததும் 'இனி நீங்களே பாருங்கள்' என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டார். முப்பது வருஷம் வகுப்பெடுத்தும் எனக்கு அது சரியாகக் கைவந்ததில்லை.

அந்தப் பள்ளத்தாக்கை எப்படிச் சொல்ல? தரை நம் ஊர்த் திடல் மாதிரி தட்டை. அதில் பொன் நிறத்தில் புல். இரண்டு பக்கமும் மலை சரிவாக ஏறவில்லை, சுவர் எழுப்பினாற்போல நேராக நிற்கிறது. எனக்கு உடனே என் கரும்பலகை ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் வரைவேனே, ஆறு அரித்தால் 'வி' வடிவம், பனியாறு அரித்தால் 'யு' வடிவம் என்று! மன்னார்குடிப் பிள்ளைகளுக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஊட்டிக்கு ஒரே முறை போயிருக்கிறேன். புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து வரைந்தேன். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் மிகைப்படுத்தி, பக்கவாட்டுக் கோடுகளைச் செங்குத்தாக இழுத்து வரைகிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது மிகையே இல்லை வசந்தா. இங்கே அப்படியே செங்குத்தாக நிற்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கண் கலங்கிவிட்டது. மகள் என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள்.

மிரர் ஏரிகள் என்று ஓரிடத்தில் பத்து நிமிஷம் விட்டார்கள். ஏரியின் பெயர்ப் பலகையைத் தலைகீழாக எழுதித் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழும் பிம்பத்தில்தான் பெயரைச் சரியாகப் படிக்க முடியும். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் 45 டிகிரி தெற்கு அட்சரேகையைக் கடந்தோம். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் சரிபாதி. நம் ஊர் பத்தரை டிகிரி வடக்கு. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் விரல்விட்டு டிகிரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிவைடு என்ற கணவாய் வரைக்கும் வானம் தெளிவாக இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 532 மீட்டர்தான். தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கிழக்கு மேற்காகக் கடக்க இதைவிடத் தாழ்வான கணவாய் கிடையாதாம். அதைத் தாண்டியதும் மேகம் மூடி மழை பிடித்துக்கொண்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு தம்பதி 'அடடா' என்று முகம் வாடிவிட்டார்கள். டிரைவர் மட்டும் சந்தோஷப்பட்டார். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் டெல்டாவில் நல்ல வருஷத்திலேயே 1,200 பக்கம்தானே! டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேலைக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, எல்லாவற்றையும் இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்கே இருக்கிற டே அனாவுக்கு மிச்சம்தான். மலைத்தடுப்பு மழை, மழை மறைவுப் பிரதேசம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதச் சொல்வோமே, அதை ஒரே காலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 2020 பிப்ரவரியில் மூன்றே நாளுக்குள் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி இந்தச் சாலையைப் பல இடங்களில் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

அடுத்து ஹோமர் சுரங்கப்பாதை. இதை நீ கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கு அப்படியே ஒரு கல்சுவரில் போய் முட்டி நின்றுவிடுகிறது. பனி குடைந்து வைத்த அரைவட்டக் கிண்ணம், புத்தகத்தில் சர்க்கு என்று படித்தோமே, அதுதான். மூன்று பக்கமும் பாறை. மேலே போக வழியில்லை. 1935இல் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவதற்காக இந்தச் சுரங்கத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். முதலில் ஐந்து பேர், கையில் குத்துக்கோடரி, மண்வாரி, தள்ளுவண்டி. கூடாரத்தில்தான் குடியிருப்பு. மலை மறைப்பதால் வருஷத்தில் பாதி நாள் நேர் வெயிலே விழாத இடம். பனிச்சரிவில் சிலர் செத்தும் போனார்கள். நடுவில் போரும் வந்தது. கடைசியில் 1954இல்தான் வண்டிகள் போகத் திறந்தார்கள். நீளம் 1.2 கிலோமீட்டர். உள்ளே பூச்சு கிடையாது, வெட்டிய பாறை வெட்டியபடியே கரடுமுரடாக நிற்கிறது, தண்ணீர் சொட்டுகிறது. மேற்கு நோக்கிப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. நாங்கள் கடக்க மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். முதல் நாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேரையும் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு தூரம் குடைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? தெரிந்துதானே முதல் அடி அடித்திருப்பார்கள்!

சுரங்கத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும்தான் விடுகிறார்கள், நுழையும் முன் சிக்னலுக்குக் காத்திருந்தோம். அப்போது கேயா வந்தது. மலையில் வாழும் கிளி. உடம்பு பாசிப் பச்சை, இறக்கையை விரித்தால் அடியில் செம்மஞ்சள். காரின் ரப்பரையெல்லாம் அலகால் கொத்தி இழுக்கிறது. யாரும் தீனி போடக் கூடாது, மனிதச் சாப்பாடு அதற்கு ஆகாது என்று டிரைவர் கண்டிப்பாகச் சொன்னார். கையில் எலுமிச்சைச் சாதம் இருந்தும் நான் மூடியைத் திறக்கவில்லை.

சுரங்கத்தின் மறுபக்கம் வெளியே வந்ததும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். எண்ணவே முடியாத அருவிகள். பாறையில் மண்ணே இல்லாததால் பெய்கிற மழையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. விழுந்தது விழுந்தபடி வெள்ளை நூலாக இறங்குகிறது. மழை விட்டால் சில மணி நேரத்தில் பெரும்பாலானவை காணாமல் போய்விடுமாம். முன் இருக்கைத் தம்பதியைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படகில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பெரிய படகு, கீழ்த்தளத்தில் கண்ணாடி ஜன்னல் ஓரம் மேசை போட்டு இருக்கை இருக்கிறது. நீ படி ஏறவே வேண்டாம். 'சவுண்டு' என்ற பெயரே தப்பு. ஆறு ஓடிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால்தான் அது. பனியாறு தோண்டியதில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. இது பின்னது. வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு துறைமுகத்தின் பெயரை ஒரு கப்பல்காரர் வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. கேப்டன் குக் 1770இல் இந்தக் கரையோரம் போயும் உள்ளே நுழையவில்லை. கடலிலிருந்து பார்த்தால் வாய் தெரியாது, மலை மலையை மறைத்துக்கொள்கிறது. படகு வெளிக்கடல் வரை போய்த் திரும்பியபோது நானே பார்த்தேன், வந்த வழி மூடிக்கொண்டுவிட்டது.

மைட்டர் சிகரம் தண்ணீரிலிருந்து நேராக 1,690 மீட்டர் போல எழுகிறது. தண்ணீருக்கடியிலும் அதே சுவர் இறங்குகிறது. ஆழமான இடத்தில் கிட்டத்தட்ட 300 மீட்டர். கடல்வாயில் ஆழம் குறைவு. அப்புறம் என் தொங்கும் பள்ளத்தாக்குகள்! பக்கத்திலிருந்து வந்த சின்னப் பனியாறு பெரிய பனியாறு அளவுக்கு ஆழமாகத் தோண்ட முடியாமல் பாதி உயரத்திலேயே நின்றுவிட, பனி போன பிறகு அங்கிருந்து அருவி விழும். பலகையில் ஒரு நீலச் சாக்பீஸ் கோடு போடுவேன். இங்கே ஸ்டர்லிங் அருவி, 150 மீட்டர். படகை அதன் அடிவரைக்கும் கொண்டுபோய் முகப்பை நீட்டினார்கள். விழுகிற தண்ணீர் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றே நம்மைப் பின்னால் தள்ளியது. மழைக்கோட்டுக்குள் புடவை முந்தானை வரை நனைந்து நின்றேன். காது அடைத்துப்போனது. அந்தக் கோட்டுக்கு ஒரு சத்தம் இருக்கும் என்று நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

தண்ணீரின் நிறம் டிக்காஷன் மாதிரி. காட்டு இலைச்சாறு ஊறி வரும் மழைத்தண்ணீர் கடல்நீருக்கு மேல் தனிப் படலமாக மிதக்கிறது. அது வெளிச்சத்தை மறைப்பதால், ஆழ்கடலில் வளர வேண்டிய கருப்புப் பவளம் இங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. செங்குத்துப் பாறையில் மரங்கள் எப்படி நிற்கின்றன தெரியுமா? முதலில் பாசி, பிறகு சின்னச் செடி, பிறகு மரம். மண் இல்லாததால் ஒன்றன் வேரை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கனமழையில் ஒன்று பிடி விட்டால் கீழே இருப்பதையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். அந்தத் தழும்பு மலையில் நீளமாகத் தெரிகிறது. பாறை ஒன்றில் கடல்நாய்கள் மழையைச் சட்டை செய்யாமல் படுத்திருந்தன.

தமிழ் ஆசிரியை உனக்காக ஒன்று கேட்டு வைத்துக்கொண்டேன். மாவோரி மக்கள் இந்த இடத்தைப் பியோபியோடாஹி என்கிறார்கள்: ஒற்றைப் பியோபியோ. பியோபியோ ஒரு பறவை, இப்போது இனமே அழிந்துவிட்டது. மாவோரிக் கதைகளின் நாயகன் மாவுயி இறந்ததும் துக்கம் தாங்காமல் அவனுடைய பறவை தனியாக இங்கே பறந்து வந்ததாம். இந்த ஃபியோர்டுகளை டூ-டே-ராகி-ஃபானோவா என்ற தேவன் வாய்ச்சியால் செதுக்கினான் என்றும் ஒரு கதை. நம் தச்சர்களின் வாய்ச்சியேதான்! தெற்கே ஆரம்பித்துச் செதுக்கச் செதுக்கக் கை தேறி, கடைசியாக மில்ஃபோர்டைத்தான் குறையில்லாமல் முடித்தானாம். அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஹினே-நுய்-டே-போ என்ற தேவி மணல் ஈக்களை அவிழ்த்துவிட்டாள். அந்த ஈ என் கணுக்காலில் நான்கு இடத்தில் கடித்து இன்னும் அரிக்கிறது. வரும்போது காலுறை போட்டுக்கொள், பூச்சித் தைலமும் எடுத்துக்கொள்.

உன் முட்டிக்கு என் யோசனை இதுதான். ஒரே நாளில் போய்வராதே. முதல் நாள் டே அனாவில் தங்கு, மறுநாள் அங்கிருந்து பஸ் ஏறு. பாதி தூரம் குறைந்துவிடும். ஏப்ரலில் சீக்கிரம் இருட்டிவிடும்; இப்படிப் போனால் திரும்பும் வழியும் வெளிச்சத்திலேயே கிடைக்கும். சைவச் சாப்பாட்டை நம்பிப் போகாதே; முன்கூட்டிச் சொல்லியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, கையில் கட்டிக்கொண்டு போனதால் பிழைத்தோம். மழை என்று சொன்னால் தேதியை மாற்றாதே.

இன்னொன்று. நான் ஓய்வு பெற்றபோது பழைய பாடநூல்களை உன் வீட்டுப் பரணில்தானே போட்டோம்? ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் இருக்கிறதா என்று பேத்தியை ஏறிப் பார்க்கச் சொல். பனியாற்றுப் படம் உள்ள பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். நான் எடுத்த படங்களை அதோடு சேர்த்து நம் பள்ளிக்கூடத்தில் இப்போது புவியியல் எடுக்கிற பெண்ணுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

நெல் விஷயம் எழுது.

உன் அன்புள்ள,
கமலா